ஸ்டார் கவுண்டி: சாவடிக்கு வந்தவர்களும் வராதவர்களும்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ரியோ கிராண்டே ஆற்றின் வடகரையில் இருக்கிறது ஸ்டார் கவுண்டி. ஆற்றைக் கடந்தால் மெக்சிகோ. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே வாழ்பவர்கள் 65,920 பேர். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டோர் மெக்சிகோ வழிவந்த ஹிஸ்பானியர்கள். 1896 முதல் 2020 வரை நடந்த ஒவ்வொரு அதிபர் தேர்தலிலும் ஸ்டார் கவுண்டி ஜனநாயகக் கட்சிக்கே பெரும்பான்மை கொடுத்தது. அதற்கு முன் 1892இல் பெஞ்சமின் ஹாரிசன் இங்கே முந்தியிருந்தார். அவருக்குப் பிறகு இங்கே வென்ற முதல் குடியரசுக் கட்சி வேட்பாளர், 2024இல் டொனால்ட் டிரம்ப். இடைவெளி 132 ஆண்டுகள். அமெரிக்காவில் வேறெந்தக் கவுண்டியும் அப்போது இவ்வளவு நீண்ட காலம் தொடர்ந்து ஜனநாயகக் கட்சியோடு நின்றதில்லை.

இப்படி ஒரு கோட்டை சரிந்தால், மக்கள் மனம் மாறிவிட்டார்கள் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போவது பத்திரிகை வழக்கம். ஸ்டார் கவுண்டியின் எண்களைக் கூர்ந்து பார்த்தால் அது பாதிக் கதைதான். மீதிக் கதை, யார் வாக்களிக்க வந்தார்கள், யார் வரவில்லை என்பதில் இருக்கிறது.

முதலில் கவுண்டி என்றால் என்ன என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. மாநிலத்துக்குக் கீழே உள்ள நிர்வாகப் பிரிவு அது. நாடு முழுவதும் 3,100க்கு மேல் கவுண்டிகள் உண்டு; டெக்சஸில் மட்டும் 254. நம் மாவட்டத்தோடு ஒப்பிடத் தோன்றும், ஆனால் மேலிருந்து நியமிக்கப்படும் ஆட்சியர் அங்கே கிடையாது. டெக்சஸ் கவுண்டியின் தலைவர் ‘கவுண்டி நீதிபதி’ எனப்படுகிறார். பெயர் அப்படியே தவிர, அவர் வேலையின் பெரும்பகுதி நிர்வாகம்தான். அவரையும், நான்கு ஆணையர்களையும், காவல் தலைவரான ஷெரிஃபையும், பத்திரப்பதிவு பார்க்கும் எழுத்தரையும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். வாக்காளர் பட்டியல் வைத்திருப்பதும், சாவடி அமைப்பதும், வாக்கு எண்ணுவதும் கவுண்டியின் பொறுப்பு. இந்தியாவில் உள்ளது போல நாடு முழுவதற்கும் தேர்தலை நடத்தும் ஒரே ஆணையம் அமெரிக்காவில் இல்லை.

அதிபர் தேர்தலின் முடிவைக் கவுண்டி தீர்மானிப்பதில்லை. மாநிலம் முழுவதற்கும் சேர்த்து யார் முந்துகிறாரோ, டெக்சஸின் 40 தேர்வாளர் வாக்குகளும் அவருக்கே போகும். மூன்று கோடி மக்கள் உள்ள மாநிலத்தில் ஸ்டார் கவுண்டியின் சில ஆயிரம் வாக்குகள் கடலில் கரைத்த பெருங்காயம்தான். ஆனாலும் அரசியல் ஆய்வாளர்கள் கவுண்டிக் கணக்கை விடுவதில்லை. மாநிலத்துக்குக் கீழே, எல்லை பெரும்பாலும் மாறாமல் நூறாண்டுக்கும் மேலான முடிவுகள் வரிசையாகக் கிடைக்கும் அலகு அது ஒன்றுதான்.

1848இல் அமைக்கப்பட்ட இந்தக் கவுண்டியின் தலைமையிடம் ரியோ கிராண்டே சிட்டி. அடுத்த முக்கிய ஊர் ரோமா. கால்நடைப் பண்ணைகளும் தர்ப்பூசணி, முலாம்பழம், காய்கறித் தோட்டங்களும் நிறைந்த பூமி. நாட்டின் மிக ஏழைக் கவுண்டிகளில் ஒன்றாகவே இது நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தது. மூன்றில் ஒருவர் அளவுக்கு வறுமைக் கோட்டுக்குக் கீழே. குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் கால்வாயும் சரிவர எட்டாத ‘கொலோனியா’ குடியிருப்புகள் இன்றும் பல.

ஜனநாயகக் கட்சி இங்கே வேரூன்றியது கொள்கையால் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தென் டெக்சஸ் முழுவதும் பண்ணையார்களின் பிடியில் இருந்தது. பண்ணையார் ‘பத்ரோன்’. வேலை கொடுப்பவர் அவர். நோய்க்கு மருந்து, சாவுக்குச் செலவு, வழக்குக்கு வக்கீல் எல்லாம் அவரே. கைம்மாறாகத் தேர்தல் நாளில் அவர் காட்டிய பக்கம் கூட்டமாகப் போய் வாக்களிப்பது குடிகளின் கடமை. கேமரன் கவுண்டியின் ஜேம்ஸ் வெல்ஸ் என்ற வழக்கறிஞர் இந்தப் பண்ணையார்களை ஒரே வலையில் இணைத்திருந்தார். ஸ்டார் கவுண்டியில் அந்த வலையின் முடிச்சு மனுவேல் கெர்ரா. வணிகரும் பண்ணை உரிமையாளருமான அவருடைய குடும்பம் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கவுண்டியின் பதவிகளைத் தன் கையில் வைத்திருந்தது. மாநிலத்தில் ஆண்டது ஜனநாயகக் கட்சி என்பதால் பண்ணையார்களும் ஜனநாயகக் கட்சி.

1902இல் டெக்சஸ் தலைவரி கொண்டுவந்தது. வாக்களிக்க விரும்புபவர் ஆண்டுதோறும் 1.75 டாலர் வரை கட்ட வேண்டும். நாட்கூலி ஒரு டாலரைத் தொடாத காலம் அது. மாநிலத்தின் மற்ற பகுதிகளில் கறுப்பினத்தவரையும் ஏழை வெள்ளையரையும் சாவடியிலிருந்து விரட்டிய இந்த வரி, ஆற்றங்கரைக் கவுண்டிகளில் வேறு விதமாகப் பயன்பட்டது. பண்ணையாரே மொத்தமாக வரியைக் கட்டி ரசீதுகளைத் தன்னிடம் வைத்துக்கொள்வார். தேர்தலன்று அவற்றை வினியோகிப்பார். எத்தனை பேர் வாக்களிக்க வேண்டும் என்பதை முடிவு செய்தவர் அவர்தான். ஆகவே அந்தக் காலத்து வாக்குப்பதிவு அளவை மக்களின் அரசியல் ஆர்வமாகப் படிப்பது பெரிய தவறு.

அந்த முறை எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு 1948ஆம் ஆண்டின் செனட் வேட்பாளர் தேர்வு சாட்சி. ஜனநாயகக் கட்சிக்குள் லிண்டன் ஜான்சனும் கோக் ஸ்டீவன்சனும் மோதினார்கள். ஜான்சன் தோற்றதாகத் தெரிந்த நிலையில், தேர்தல் முடிந்து ஆறாம் நாள் ஜிம் வெல்ஸ் கவுண்டியின் 13ஆம் எண் பெட்டியிலிருந்து ஏறத்தாழ 200 வாக்குகள் கூடுதலாக முளைத்தன. வாக்களித்தோர் பட்டியலில் அந்தக் கூடுதல் பெயர்கள் ஒரே மையில், அகர வரிசையில் இருந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். மாநிலம் முழுவதும் பத்து லட்சத்தை ஒட்டிய வாக்குகளில் 87 வாக்கு வித்தியாசத்தில் ஜான்சன் வென்றார். பின்னாளில் அதிபரும் ஆனார். அந்தப் பெட்டிக்குப் பின்னால் இருந்தவர் அண்டைக் கவுண்டியான டூவாலின் பண்ணையார் ஜார்ஜ் பார். ஸ்டார் கவுண்டியும் அந்தத் தேர்தலில் ஜான்சனுக்கே அள்ளிக் கொடுத்தது.

தலைவரியை 1964இல் அரசியல் சட்டத்தின் 24ஆம் திருத்தம் தேசியத் தேர்தல்களில் ஒழித்தது. 1966இல் நீதிமன்றங்கள் மாநிலத் தேர்தல்களிலும் ஒழித்தன. ஆண்டுதோறும் புதிதாகப் பெயர் பதிய வேண்டும் என்ற விதி 1971 வரை நீடித்தது. தோட்டம் தோட்டமாக, மாநிலம் விட்டு மாநிலம் அறுவடைக்குப் போகும் கூலிக் குடும்பங்களுக்கு அந்த விதி ஒன்றே போதும், பட்டியலிலிருந்து விழுந்துவிட. 1975இல் வாக்குரிமைச் சட்டம் விரிவாக்கப்பட்ட பிறகுதான் டெக்சஸில் ஸ்பானிய மொழியிலும் வாக்குச்சீட்டு கிடைத்தது.

இதற்கிடையே 1966 ஜூனில், ஸ்டார் கவுண்டியின் முலாம்பழத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மணிக்கு 40 சென்ட் முதல் 85 சென்ட் வரை வாங்கிக்கொண்டிருந்தவர்கள் 1.25 டாலர் கேட்டார்கள். ரியோ கிராண்டே சிட்டியிலிருந்து தலைநகர் ஆஸ்டினுக்கு அந்தக் கோடை முழுவதும் நடந்தே போனார்கள். வழியில் அவர்களைச் சந்தித்த ஆளுநர் ஜான் கானலி, கோரிக்கையை ஏற்க மறுத்தார். டெக்சஸ் ரேஞ்சர்கள் என்ற மாநிலக் காவலர்கள் போராட்டக்காரர்களை அடித்துக் கைது செய்தார்கள்; அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1974இல் தீர்ப்பானது. ஆளுநர், கவுண்டி அதிகாரிகள், அடிபட்ட தொழிலாளர்கள் எல்லோரும் ஒரே கட்சிக்கு வாக்களித்தவர்கள் என்பது இதில் கவனிக்க வேண்டியது. ஒரே கட்சி இருக்கும் ஊரில் கட்சிப் பெயர் எதையும் சொல்லாது.

பண்ணையார்கள் மறைந்த பின்பும் அவர்கள் விட்டுச் சென்ற பழக்கம் உருமாறி நீடித்தது. தேர்தல் நேரத்தில் கூலி பெற்று முதியவர்களைச் சாவடிக்கு வண்டியில் அழைத்துப் போவோரும், அஞ்சல் வாக்குச்சீட்டை நிரப்ப உதவுவோரும் பெரும்பாலும் பெண்கள். ‘பொலிடிகேரா’ என்று அவர்களுக்குப் பெயர். எந்த வீட்டில் எத்தனை வாக்கு, எந்தப் பாட்டிக்கு எந்த வேட்பாளர் உறவு என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. சிலர் முறைகேட்டு வழக்குகளிலும் சிக்கினார்கள். ஆனால் வண்டி வசதியும் பொதுப் போக்குவரத்தும் இல்லாத ஊரில் வாக்குப்பதிவு நடந்ததே இவர்களால்தான் என்பதையும் மறுக்க முடியாது.

டெக்சஸில் வாக்காளர் பட்டியலில் கட்சிப் பெயர் இருக்காது. மார்ச் மாதம் நடக்கும் கட்சி வேட்பாளர் தேர்வில் எந்தக் கட்சியின் சீட்டையும் கேட்டு வாங்கலாம். ஸ்டார் கவுண்டியில் ஷெரிஃப், கவுண்டி நீதிபதி போன்ற பதவிகளுக்கான சண்டை நெடுங்காலம் ஜனநாயகக் கட்சிச் சீட்டில்தான் நடந்தது. அங்கே வென்றவருக்கு நவம்பரில் பெரும்பாலும் எதிரியே இருந்ததில்லை. ஆகவே உள்ளூர்க்காரர்களுக்கு உண்மையான தேர்தல் மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. வேலை வாய்ப்பில் பெரும்பகுதி கவுண்டி அலுவலகமும் பள்ளிகளும் தருவதாக இருக்கும் ஊரில், ஷெரிஃப் யார் என்பது சோற்றுப் பிரச்சினை. அதிபர் யார் என்பது தொலைக்காட்சிச் செய்தி. நவம்பரில் வாக்குப்பதிவு மெலிந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை. கட்சிச் சாய்வும் குறைந்த வாக்குப்பதிவும் இங்கே இரண்டு தனிச் செய்திகள் அல்ல. முதலாவது இரண்டாவதைப் பெற்றெடுத்தது.

வாக்குப்பதிவு சதவீதத்தைப் படிக்கும்போது எதனால் வகுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பதிவு செய்த வாக்காளர்களால் வகுத்தால் ஒரு எண் வரும். 18 வயது கடந்த எல்லோராலும் வகுத்தால் இன்னொன்று வரும். ஸ்டார் கவுண்டியில் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கு சிறுவர் சிறுமியர். வயது வந்தோரிலும் குடியுரிமை பெறாதவர்கள் கணிசம். பெயர் பதிவு தானாக நடப்பதில்லை. தேர்தலுக்கு 30 நாள் முன்பே பதிந்தாக வேண்டும். புதிதாகப் பதிபவர்களுக்கு இணையவழி வசதியை டெக்சஸ் தரவில்லை. காரணம் கேட்காமல் அஞ்சலில் வாக்களிக்கும் உரிமை 65 வயது கடந்தவர்களுக்கு மட்டும். 2020இல் ஸ்டார் கவுண்டியில் பதிவானது சுமார் 17,500 வாக்கு. பதிவு செய்தவர்களில் இது ஏறத்தாழ பாதி. வயது வந்தோரில் பத்துக்கு நான்கு. அதே ஆண்டு நாடு முழுவதும் வாக்களிக்கத் தகுதியுள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் வாக்களித்தார்கள். 1900க்குப் பிறகு அமெரிக்கா கண்ட அதிக அளவு அது.

இனி அந்த எண்களுக்கே வருவோம். 2012இல் பராக் ஒபாமா இங்கே 86 சதவீதம் பெற்றார். 2016இல் ஹிலாரி கிளின்டன் 79 சதவீதம், டிரம்ப் 19 சதவீதம். 2020இல் ஜோ பைடன் 52, டிரம்ப் 47. நான்கே ஆண்டில் அறுபது புள்ளி வித்தியாசம் ஐந்தாகச் சுருங்கியது. அந்த ஆண்டு நாட்டிலேயே குடியரசுக் கட்சி பக்கம் மிக அதிகமாகச் சாய்ந்த கவுண்டி இதுதான்.

சதவீதத்தை விட்டு வாக்கு எண்ணிக்கையைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. கிளின்டன் பெற்றது சுமார் 9,300. பைடன் பெற்றது சுமார் 9,100. ஜனநாயகக் கட்சியின் கையிருப்பு கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. டிரம்ப் மட்டும் 2,200இலிருந்து 8,200க்குப் போனார். நான்காண்டில் கூடுதலாக வந்த வாக்குகள் ஏறத்தாழ ஆறாயிரம். அத்தனையும் நிகரக் கணக்கில் ஒரே பக்கம் சேர்ந்தன.

இதற்கு இரண்டு விதமாகப் பொருள் கொள்ளலாம். பழைய ஜனநாயகக் கட்சி வாக்காளர்கள் அசையவில்லை, புதிதாக வந்தவர்கள் எல்லோரும் டிரம்புக்குப் போட்டார்கள் என்பது ஒன்று. பழையவர்களில் சிலர் தாவினார்கள், புதியவர்கள் இரு பக்கமும் பிரிந்தார்கள் என்பது மற்றொன்று. வாக்கு ரகசியமானது, கவுண்டியின் கூட்டுத்தொகை தனி மனிதரின் கையைக் காட்டிக்கொடுக்காது. எதைக் கொண்டாலும் ஒரு நம்பிக்கை மட்டும் நிச்சயம் உடைந்தது. டெக்சஸில் வாக்களிக்காத ஹிஸ்பானியர்களைச் சாவடிக்கு வரவைத்தால் மாநிலமே தங்கள் பக்கம் திரும்பிவிடும் என்று ஜனநாயகக் கட்சியினர் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தார்கள். ஸ்டார் கவுண்டியில் அவர்கள் வந்தார்கள். ஆனால் கூடிய வாக்குகள் எதிர்க்கட்சிக்கே சேர்ந்தன.

வந்ததற்குக் காரணங்கள் உள்ளூரிலேயே இருந்தன. இந்தப் பகுதி இளைஞர்களுக்கு நல்ல சம்பளம் தரும் வேலைகள் இரண்டு: மேற்கு டெக்சஸின் எண்ணெய் வயல்கள், எல்லைக் காவல் படை. எண்ணெய்த் தொழிலிலிருந்து படிப்படியாக விலக வேண்டும் என்று 2020 விவாதத்தில் பைடன் சொன்னது அந்தக் குடும்பங்களின் காதில் விழுந்தது. எல்லைக் காவலரும் எல்லை தாண்டி வருபவரும் ஒரே மொழி பேசும் ஊர் இது; ஹிஸ்பானியர் என்றாலே குடியேற்றத்துக்கு ஆதரவு என்று வெளியூர்க்காரர்கள் போட்ட கணக்கு இங்கே எடுபடவில்லை. கருக்கலைப்பை ஏற்காத கத்தோலிக்கக் குடும்பங்கள் பல. பெருந்தொற்று இந்தக் கவுண்டியைக் கடுமையாகத் தாக்கியது. 2020 ஜூலையில், பிழைக்க வாய்ப்பில்லாத நோயாளிகளை வீட்டுக்கு அனுப்புவது பற்றி முடிவெடுக்க உள்ளூர் மருத்துவமனை ஒரு குழுவே அமைக்க நேர்ந்தது. அந்த நெருக்கடியில் வந்த நிவாரணக் காசோலைகளில் டிரம்பின் பெயர் அச்சிடப்பட்டிருந்தது.

தேர்தல் விதியிலும் ஒரு மாற்றம் நேர்ந்தது. 2018 வரை டெக்சஸ் வாக்குச்சீட்டில் ஒரே குறியிட்டு ஒரு கட்சியின் எல்லா வேட்பாளர்களுக்கும் வாக்களிக்கலாம். 2020 முதல் அந்த வசதி நீக்கப்பட்டது. மேலே டிரம்ப், கீழே ஷெரிஃப் பதவிக்குத் தெரிந்த ஜனநாயகக் கட்சிக்காரர் என்று பிரித்துப் போடுவது இயல்பானது. 2021 நவம்பரில், இந்த ஊர்க்காரரான மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ரையன் கியென், பல ஆண்டு ஜனநாயகக் கட்சி உறவை முறித்துக்கொண்டு குடியரசுக் கட்சியில் சேர்ந்தார். 2022இல் அந்தக் கட்சியின் வேட்பாளராகவே மீண்டும் வென்றார். காற்றின் திசை தெரிந்த அரசியல்வாதி முதலில் நகர்வது எல்லா நாட்டிலும் உள்ளதுதான்.

2024இல் டிரம்ப் 57.7 சதவீதம் பெற்றார். கமலா ஹாரிஸ் 41.8. துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தின் பேத்தி என்பதால் தமிழ்நாட்டில் ஹாரிசின் தேர்தல் கவனிக்கப்பட்டது. ஆற்றங்கரைக் கவுண்டிகளில் அவர் கண்ட சரிவு இங்கே அவ்வளவாகப் பேசப்படவில்லை. இம்முறை எண்களின் கதை 2020இலிருந்து மாறுபடுகிறது. டிரம்ப் சுமார் 8,200இலிருந்து 9,500க்கு ஏறினார். ஹாரிஸ், பைடன் பெற்ற 9,100இலிருந்து 6,900க்கு இறங்கினார். மொத்த வாக்குப்பதிவு ஆயிரத்துக்கும் மேல் குறைந்தது. முதல் தாவல் புதியவர்கள் வந்ததால் நேர்ந்தது என்றால், இரண்டாவதில் பழையவர்கள் வராமல் போனதற்கும் பங்கு உண்டு. மளிகைச் செலவு, வாடகை, பெட்ரோல் விலை பற்றிய கசப்பு சிலரைக் கட்சி மாறச் செய்தது. வேறு சிலரை வீட்டிலேயே உட்கார வைத்தது.

ஸ்டார் கவுண்டி தனித்துப் போகவில்லை. பக்கத்துச் சபாட்டா கவுண்டி 2020இலேயே டிரம்பிடம் போனது. 2024இல் ஹிடால்கோ, கேமரன், வெப், மாவெரிக் எனக் கரையோரக் கவுண்டிகள் வரிசையாகச் சாய்ந்தன. 2025இல் டெக்சஸ் சட்டமன்றம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசின் தொகுதிகளை மறுபடி வரைந்தபோது, தென் டெக்சஸ் ஹிஸ்பானியர்கள் இனியும் இப்படியே வாக்களிப்பார்கள் என்ற கணக்கு அதற்குள் இருந்தது.

அந்தக் கணக்கு துணிச்சலானது. அப்போது இப்பகுதியைக் காங்கிரசில் பிரதிநிதித்துவப்படுத்திய ஜனநாயகக் கட்சியின் ஹென்ரி குவெயார், 2024இல் டிரம்ப் முந்திய தொகுதியிலேயே அதே நாளில் வென்றார். கவுண்டியின் உள்ளூர்ப் பதவிகளும் ஜனநாயகக் கட்சியினர் கையிலேயே இருந்தன. ஒருவரே இரு கட்சிக்கும் வாக்களித்த அந்தத் தேர்தலை ஒரு கட்சியின் நிரந்தர வெற்றி என்று எழுதுவது அவசரம். 2024 நவம்பரில் ஸ்டார் கவுண்டியில் டிரம்புக்கு விழுந்த வாக்குகளைவிட, பட்டியலில் பெயர் இருந்தும் போடப்படாத வாக்குகளே அதிகம்.